கடல்மீன் தொட்டியில் பாசி: மருந்து ஊற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். விறாந்தையில் நாலடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டியும், புது மீன்களைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு சின்னத் தொட்டியும் பல வருடங்களாக ஓடுகின்றன. கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை தொட்டி வைத்திருக்கும் தம்பிமார் படம் எடுத்து அனுப்பிக் கேட்பதெல்லாம் ஏறத்தாழ ஒரே விசயம்தான்: "அண்ணா, பாசி புடிச்சிட்டு, என்ன மருந்து ஊத்துற?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, ஒருவருக்குச் சொன்ன எச்சரிக்கையை இன்னொருவருக்குச் சொல்ல மறந்து, அதனால் ஒரு தம்பியின் தொட்டியில் இறால் எல்லாம் போய்விட்டது. அது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

பாசிக்கு நல்ல மருந்து ஒன்று சொல்லுங்கள்.

எந்தப் பாசி என்று தெரியாமல் சொல்ல ஏலாது. நாம் பாசி என்று ஒரே பெயரில் கூப்பிடுவதில் குறைந்தது ஐந்தாறு வேறு வேறு உயிர்கள் இருக்கின்றன. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைத் தொடவே தொடாது, சிலநேரம் வளர்த்தும் விடும்.

புதுத் தொட்டியில் மணல்மேல் மாவு தூவியதுபோல மண்ணிறத்தில் படிவது டயட்டம். நீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைத் தின்று வளர்கிறது, சில வாரங்களில் தானாகப் போய்விடும், அதற்கு ஒரு துளி மருந்தும் வேண்டாம். கல்லில் பச்சை மயிர்போல நீண்டு, நீரோட்டத்தில் ஆடுவது மயிர்ப் பாசி. அதே பச்சையில், ஒரு இழையை எடுத்து வெள்ளைக் கோப்பையில் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சிறகு விரித்ததுபோல, இறகு மாதிரி இருந்தால் அது பிரையோப்சிஸ், அதன் வைத்தியம் வேறு. பச்சைக் கண்ணாடி மணிபோல உருண்டையாக இருப்பது குமிழ்ப் பாசி. சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் துணிபோல விரிந்து, விரலால் தூக்கினால் ஏடாக உரிந்து வருவது பாசியே இல்லை, அது சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா. மண்ணிறத்தில் மூக்குச் சளிபோல நூல்நூலாகத் தொங்கி, நுனிகளில் காற்றுக்குமிழ் பிடித்து நிற்பது டைனோ, அதாவது டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர். இந்தக் கடைசி ஆளிடம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

டயட்டமும் டைனோவும் ஒரே நிறம்தானே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரு சிறிஞ்சால் அந்தச் சளியைக் கொஞ்சம் தொட்டி நீரோடு உறிஞ்சி, சின்னப் போத்தலில் விட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். எல்லாம் கரைந்து தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அதைக் கோப்பி வடிக்கும் தாளில் வடித்து, வடிந்த நீரை மட்டும் வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். தெளிந்த நீருக்குள் மறுகா நூல்நூலாகத் திரண்டு வந்தால் அது டைனோ. ஒவ்வொரு டைனோவும் தனிக்கலம், வடிதாளைத் தாண்டிப் போய் மீண்டும் ஒன்று சேர்ந்துகொள்ளும். முதன்முதலில் இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பக்கத்தில் பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி பார்க்க வசதி கிடைத்தால் இன்னும் நல்லது, டைனோ நீந்துவது தெளிவாகத் தெரியும்.

டைனோ வந்த தொட்டியில் நத்தைகள் காரணமில்லாமல் சாகத் தொடங்கினால், அது நச்சுச் சுரக்கும் வகையாக இருக்கலாம், கையுறை இல்லாமல் கையை விடாதீர்கள். அதுபோல, டைனோ பெரும்பாலும் வருவது, மற்றப் பாசிகளுக்குச் சாப்பாடான நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியமாகிப்போன தொட்டியில். நீரைச் சுத்தம் செய்கிறோம் என்று பொஸ்பேட் உறிஞ்சிகளை அளவில்லாமல் போட்டவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அங்கே இன்னும் உறிஞ்சி போடுவதும் அடிக்கடி நீர் மாற்றுவதும் நிலைமையை மோசமாக்கும். நைட்ரேட்டை லீற்றருக்கு 5 மில்லிகிராம் பக்கமும் பொஸ்பேட்டை 0.05 முதல் 0.1 வரைக்கும் மெல்ல ஏற்றி, மற்றப் பாசிகளும் பாக்டீரியாவும் வந்து இடத்தைப் பிடிக்க விடுவதுதான் அங்கே முதல் வேலை.

பாமசியில் விற்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டை ஊற்றலாமா?

ஊற்றலாம், மயிர்ப் பாசிக்கும் சயனோவுக்கும் கைக்கெட்டும் மருந்துகளில் நான் முதலில் எடுப்பது இதைத்தான். வேலை முடிந்தபின் நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துபோகும், தொட்டியில் எச்சம் வைக்காது. ஆனால் போத்தலை வாசியுங்கள். 3 சதவீதம் என்றால் "10 வொலியூம்" என்றும், 6 சதவீதம் என்றால் "20 வொலியூம்" என்றும் எழுதியிருக்கும். வெளிநாட்டு ஆட்கள் சொல்லும் அளவுகள் எல்லாம் 3 சதவீதத்துக்கானவை. கையில் 6 சதவீதப் போத்தலை வைத்துக்கொண்டு அந்த அளவை அப்படியே ஊற்றினால் இரண்டு மடங்கு போகிறது. தலைமயிருக்கு நிறம் மாற்றும் கடைகளில் இதைவிடக் கடுமையானது இருக்கும், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அளவு, 3 சதவீதத்தில் 38 லீற்றர் நீருக்கு 1 மில்லிலீற்றர், ஒரு நாளைக்கு ஒரு தடவை. இதுதான் உச்சம் என்று வைத்துக்கொண்டு பாதியில் தொடங்குங்கள். நீரின் அளவைக் கணக்குப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி 9 கன அடி, அதாவது ஏறத்தாழ 255 லீற்றர். விளிம்புவரை நீர் இல்லை, கல்லும் மணலும் இடத்தைப் பிடித்திருக்கின்றன, ஆகவே உண்மையில் 200 லீற்றர்தான் இருக்கும். அதற்கு 3 சதவீதத்தில் 5 மில்லிலீற்றர், 6 சதவீதத்தில் இரண்டரை. பம்ப் நீர் அடிக்கும் இடத்தில், சிறிஞ்சால் மெதுவாக விடுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கல்லை வெளியே எடுத்துச் செய்வது. பாசி பிடித்த கல்லைத் தூக்கி ஒரு பேசினில் வைத்து, கையால் பிய்க்கக்கூடியதைப் பிய்த்துவிட்டு, 3 சதவீத பெரொக்சைட்டை சிறிஞ்சால் பாசியின் அடிவேரில் படும்படி விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். சின்னச் சின்னக் குமிழ்கள் சீறிக்கொண்டு கிளம்பும். பிறகு தொட்டியிலிருந்து எடுத்த நீரில் கழுவி உள்ளே வையுங்கள். அன்று ஒரு மாற்றமும் தெரியாது. மூன்றாம் நாள் நிறம் வெளிறும், அதற்குப் பின் நத்தையும் மீனும் வந்து கொறிக்கும். மொத்த நீரிலும் மருந்து கலக்காததால் மற்ற உயிர்களுக்குப் பாதிப்புக் குறைவு. கல்லில் உயிருள்ள பவளம் ஒட்டியிருந்தால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனைத் துப்புரவாக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறாலும் கடல் அனிமோனியும் பெரொக்சைட்டைத் தாங்குவது குறைவு. அவை இருக்கும் தொட்டியில் நீரில் கலப்பதை விட்டுவிட்டு, கல்லை எடுத்துச் செய்யும் வழியிலேயே நில்லுங்கள். பிரையோப்சிசுக்கு இது பெரிதாக வேலை செய்யாது.

பாசி முழுவதும் ஒரே இரவில் செத்தால் நல்லதுதானே?

இல்லை. இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் என் தொட்டி முழுவதும் மயிர்ப் பாசி. பெரொக்சைட் போட்டு இரண்டாம் நாள் பாசி வெளிறுவதைக் கண்டதும் சந்தோசத்தில் அளவை இரட்டிப்பாக்கினேன். மூன்றாம் இரவு கரண்ட் போனது, மூன்று மணித்தியாலம் வரவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் நீர் பால் கலந்ததுபோல இருந்தது, அழுகிய நெடி. இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, அதன் நீண்ட வெள்ளை மீசைகள் மட்டும் மணலில் நேராக நீட்டியபடி கிடந்தன. கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயை வைத்துத் திணறிக்கொண்டிருந்தன. வாளியால் நீரை அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றித்தான் அவற்றைக் காப்பாற்றினேன்.

நடந்தது இதுதான். செத்த பாசியை பாக்டீரியா தின்னும், தின்னும்போது ஒட்சிசனை எடுக்கும். எங்கள் ஊர் வெக்கையில் தொட்டி நீர் 28, 29 பாகைக்குக் குறைவாக இருப்பதே அரிது. அந்தச் சூட்டில் கடல்நீர் அதிகபட்சம் லீற்றருக்கு 6 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டிய ஒட்சிசனைத்தான் பிடித்து வைத்திருக்கும். இரவில் ஒளித்தொகுப்பும் இல்லை, பம்பும் நின்றால் வெளியிலிருந்து ஒட்சிசன் கலக்க வழியே இல்லை. கூடவே பாசி இதுவரை தன்னுள் கட்டிவைத்திருந்த நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் நீருக்குள் திரும்பி வருகின்றன, அடுத்த பாசிக்கு அதுவே சாப்பாடு.

ஆகவே எந்த மருந்தாக இருந்தாலும் முதலில் கையால் பிய்க்க முடிந்ததையெல்லாம் பிய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுங்கள். மருந்துக்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். மருந்து போடும் நாட்களில் பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்.

வயலில் பாசிக்கு மயில்துத்தம் போடுகிறோமே, அதைத் தொட்டியில் போட்டால்?

போடாதீர்கள். வெள்ளாமைக் குடும்பத்துப் பிள்ளைகள் இதைக் கேட்பது இயல்பு, வட்டையில் தண்ணீருக்குமேல் பச்சையாகப் படர்வதை அது அடக்குவதைப் பார்த்திருப்பார்கள். மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேட். செம்பு பாசியைக் கொல்லும், உண்மை. அதைவிடக் குறைந்த அளவிலேயே இறால், நண்டு, நத்தை, பவளம், அனிமோனி எல்லாவற்றையும் கொன்றுவிடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து கொடுப்பது உண்டு, அதுவும் கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில், லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்று தினமும் அளந்து பார்த்துக் கொடுப்பது. கரண்டியால் கிள்ளிப் போடும் வேலை இல்லை.

இன்னொரு கெடுதி, முருகைக்கல்லும் பவள மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். நீரை முழுதாக மாற்றினாலும் கல்லுக்குள் இருப்பது போகாது. ஒருதரம் செம்பு பட்ட கல்லை இறால் இருக்கும் தொட்டியில் வைக்கவே வேண்டாம். வயலுக்கு அடிக்கும் களைகொல்லி எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள், மருந்து கலந்த வாளியைக் கழுவி நீர் மாற்றப் பயன்படுத்துவதுகூடக் கூடாது.

கடையில் "பாசி நீக்கி" என்று ஒரு போத்தல் தந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை.

அப்படியென்றால் திருப்பிக் கொடுங்கள். நன்னீர்த் தொட்டிக்கென்று வரும் பல பாசிக்கொல்லிகளில் செம்போ, பொலிகுவாட் என்ற வகை இரசாயனமோ இருக்கும். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் "நல்ல பாக்டீரியா" என்று சொல்லி விற்ற ஒரு போத்தலைப் பொழுதுபோக்காளர்களே ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தபோது, உள்ளே இருந்தது இந்தப் பொலிகுவாட் பாசிக்கொல்லி. அது மயிர்ப் பாசியையும் குமிழ்ப் பாசியையும் அடக்கக்கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. இறால் நண்டு வகைகளுக்கு அது ஆகாது, அதுதான் வாங்குபவருக்குத் தெரியாமல் போனது. எதை ஊற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை தொட்டிக்காரனுக்கு இருக்கிறது, எழுதாத போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இறகு மாதிரிப் பாசிக்கு ஃபுளுகொனசோல் குளிசை போடலாம் என்கிறார்களே?

பிரையோப்சிசுக்கு இன்றைக்கு இருக்கும் வழிகளில் சிறந்தது அதுதான். மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்து. பூஞ்சையின் கலச்சவ்வுக்குத் தேவையான ஒரு கொழுப்பைச் செய்யவிடாமல் தடுப்பது அதன் வேலை. கடல்மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் அளவு லீற்றருக்கு 20 மில்லிகிராம். 200 லீற்றருக்கு 4,000 மில்லிகிராம், அதாவது 200 மில்லிகிராம் கப்சூல் இருபது. கப்சூலைத் திறந்து தூளைத் தொட்டி நீரில் கரைத்து ஒரே தடவையில் ஊற்றுவது. நீரைச் சுத்தமாக்கப் போடும் கார்பன் இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், ஸ்கிம்மரையும் (அழுக்கை நுரையாக வெளியே தள்ளும் கருவி) முதல் சில நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டும், அதற்குப் பதிலாக எயார் பம்பில் பூட்டும் காற்றுக்கல் ஓட வேண்டும். இரண்டு முதல் மூன்று வாரம் நீர் மாற்றக்கூடாது. முதல் வாரத்தில் ஒன்றும் நடக்காததுபோலத் தெரியும், அதற்காக இரண்டாம் தடவை ஊற்றாதீர்கள். பிறகு நுனியிலிருந்து வெளிறத் தொடங்கும். முடிந்ததும் கால்பங்கு நீர் மாற்றி, கார்பனைத் திரும்பப் போடுங்கள்.

மீனுக்கும் பெரும்பாலான பவளத்துக்கும் இது கெடுதல் செய்வதில்லை. மயிர்ப் பாசியில் சிலதும் இதில் போகும். குமிழ்ப் பாசியில் வேலை செய்யாது.

ஆனால் இது டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. பாமசிக்காரர் இருபது கப்சூல் தரமாட்டேன் என்றால் அவர் செய்வது சரி. மிருக வைத்தியரிடம் தொட்டியின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த குளிசையை எடுத்துப் போடாதீர்கள், தயவு செய்து.

சிவப்பு ஏடுக்கு அன்டிபயோடிக் போட்டால் இரண்டே நாளில் போகும் என்றார்கள்.

போகும். சயனோ பாக்டீரியா என்பதால் எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோடிக் அதைக் கொல்லும். நான் சொல்லமாட்டேன். காரணம் இரண்டு. தொட்டியின் அமோனியாவைத் தின்று நீரைக் காப்பாற்றுவதும் பாக்டீரியாதான், அதையும் சேர்த்து அடிக்கும் ஆபத்து இருக்கிறது. மற்றது, வீட்டுக்கு வீடு அன்டிபயோடிக்கை நீரில் கரைத்து வெளியே ஊற்றினால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும், நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்போது அந்த மருந்து கேட்காமல் போகலாம். ஒரு மீன்தொட்டிக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சயனோ பெரும்பாலும் நீர் ஓடாத மூலையில்தான் விரியும். நீரோட்டம் தரும் பம்ப்பை, அதாவது பவர்ஹெட்டை, அங்கே திருப்பிவிடுங்கள். ஏட்டைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் முழுதாக மூடி, வெளிச்சமே படாமல் வையுங்கள். காற்றுக்கல் நிற்காமல் ஓடட்டும். நாலாம் நாள் கால்பங்கு நீர் மாற்றுங்கள். நான் பார்த்த தொட்டிகளில் பெரும்பாலானவை இதிலேயே தெளிந்தன.

வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால் பாசி போகுமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கேட்டவர் நன்றாக யோசித்திருக்கிறார். பவளத் தொட்டிகளில் கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது பழைய வழக்கம், வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான். அது பாசியை நேரே கொல்வதில்லை. பவளத்துக்குக் கல்சியம் கொடுக்கும், நீரின் பி.எச்சைக் கொஞ்சம் உயர்த்தும், பொஸ்பேட்டில் ஒரு பங்கைப் படிய வைக்கும். அதனால் பாசிக்குச் சற்று நெருக்கடி.

ஆனால் கடைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நிறம் போட்டது, சிப்பியோ முருகைக்கல்லோ சுட்டுச் செய்தது என்று பலவகை. உணவுத் தரம் என்று எழுதிய சுத்தமான தூள் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு லீற்றர் சுத்த நீருக்கு ஒன்றரை கிராம், கலக்கி மூடித் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும், ஆவியாகும் நீருக்கு ஈடாக இரவில் சொட்டாக விடவேண்டும். தெளிந்த அந்த நீரின் பி.எச் 12-ஐத் தாண்டும், தோலை அரிக்கும், ஒரு கோப்பையை மொத்தமாக ஊற்றினால் மீன் சாகும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வினாகிரி?

செயற்கை வெள்ளை வினாகிரி என்றால் சரி, தென்னங்கள்ளில் செய்த வினாகிரி வேண்டாம், அதில் வேறு பொருட்களும் இருக்கும். வினாகிரி பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. பாக்டீரியா பெருகும்போது நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் தன் உடம்புக்குள் இழுக்கும், ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை நுரையாக வெளியே தள்ளும். ஸ்கிம்மர் இல்லாவிட்டால் இந்த வழியைத் தொடவே வேண்டாம். 100 லீற்றருக்கு 2 மில்லிலீற்றரில் தொடங்கி, வாரத்துக்கு ஒருதரம் பார்த்துக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நீர் கலங்கினால் உடனே நிறுத்துங்கள், பாக்டீரியா அளவுக்குமேல் பெருகி ஒட்சிசனைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

பொஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள், லந்தனம் இரண்டில் எது நல்லது?

வீட்டுத் தொட்டிக்கு இரும்புத் துகள், யோசிக்கத் தேவையில்லை. மண்ணிறக் குறுணிபோல இருக்கும் இரும்பு ஒட்சைட்டை ஒரு சின்னப் பையிலோ குழாயிலோ போட்டு நீரை மெல்ல ஓடவிடுவது. புதிதாகப் போடும்போது சொன்ன அளவில் பாதி போடுங்கள், பொஸ்பேட் சடுதியாக இறங்கினால் பவளம் வெளிறும். லந்தனம் குளோரைட் பொஸ்பேட்டோடு சேர்ந்து மிக நுண்ணிய வெள்ளைத் தூளாகும், அந்தத் தூள் மீனின் பூவில் (செவுளில்) ஒட்டினால் மூச்சுத் திணறும், சேர்ஜன் மீன்களுக்கு இது நன்றாகத் தெரியும்படி ஒத்துக்கொள்ளாது. நீச்சல் தடாகத்துக்கு விற்கும் லந்தனத்தில் வேறு இரசாயனமும் கலந்திருக்கும். அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

மருந்து போட்டுப் போன பாசி இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. மருந்து போலியா?

மருந்து போலி இல்லை. பாசிக்குச் சாப்பாடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த போத்தலை எடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிணறு. கரையோர மணல் நிலம், கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள். குடிநீரில் நைட்ரேட் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மனிதன் குடிக்கலாம், தொட்டிக்கு அது பசளை. ஆவியாகிக் குறையும் நீருக்குக் கிணற்றுநீரையே தினமும் விட்டால், நீர்தான் ஆவியாகும், நைட்ரேட்டும் சிலிக்காவும் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். ஆர்.ஓ நீர் வாங்கினாலும், கரைந்திருக்கும் பொருட்களை அளக்கும் டி.டி.எஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், குடிநீருக்காக விற்பதில் பெரும்பாலும் பூச்சியம் வராது. மழைநீர் பிடிப்பவர்கள் தகரக் கூரையில் வழிந்ததைப் பிடிக்காதீர்கள், அதன் நாகம் (சிங்க்) இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு.

அடுத்தது கடல்நீர். வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரை, வாவி நிறைந்து பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் வெட்டுண்டு ஓடும்போது கடல் மண்ணிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட வாவியில் இறங்கிய வயல்நீர் எல்லாம், யூரியாவும் மற்றப் பசளையும் கரைந்தபடி, அந்த வழியால்தான் கடலுக்கு வருகிறது. உவர்ப்பும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கரையில் நீர் எடுத்தால் பாசிக்கு விருந்து வைத்தது மாதிரி. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் தெளிந்திருக்கும்போது, முகத்துவாரத்துக்குத் தள்ளி, தோணியில் போய் வருபவரிடம் சொல்லி வெளியிலிருந்து எடுப்பித்து, கறுப்புக் கானில் மூடி வைத்துப் பயன்படுத்துங்கள். உவர்ப்பு அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள். பாசிக்குடா என்று நம் முன்னோர் ஒரு குடாவுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள், ஆழமில்லாத வெளிச்சமான நீரில் பாசி வளர்வது இந்தக் கரைக்குப் புதிதில்லை.

பிறகு சாப்பாடு. உறைந்த இறாலைக் கரைத்து வந்த சாற்றோடு அப்படியே தொட்டியில் ஊற்றுகிறீர்களா? அந்தச் சாறு முழுக்கப் பொஸ்பேட். வடியில் போட்டுக் கழுவிவிட்டு இறைச்சியை மட்டும் கொடுங்கள். விளக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், யன்னல் வெயில் தொட்டியில் விழவே கூடாது.

கரையில் கிடக்கும் முருகைக்கல்லை எடுத்துப் போட்டால் நல்லது என்கிறார்களே?

பவளத்தையும் முருகைக்கல்லையும் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். பாசிக்குடாவும் கல்குடாவும் காயான்கேணியும் ஏற்கெனவே பட்டது போதும். கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கல்லே போதும், அதில் பழைய பொஸ்பேட்டும் இருக்காது.

இரண்டு மருந்தை ஒன்றாகப் போடலாமா?

ஏலாது. ஒன்று முடிந்து, நீர் மாற்றி, கார்பன் ஓட்டி, குறைந்தது இரண்டு வாரம் விட்டுத்தான் அடுத்தது.

மருந்து போட்ட நீரை எங்கே ஊற்றுவது?

வாவிக்குள் ஊற்றாதீர்கள், வீதி வடிகானுக்குள்ளும் வேண்டாம், அந்தக் கானும் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது. பெரொக்சைட் நீர் என்றால் வாளியில் இரண்டு நாள் வெளிச்சத்தில் விட்டால் போதும், தானாகப் பிரிந்துவிடும். ஃபுளுகொனசோல் அப்படிப் பிரியாது. நான் செய்வது, அந்த நீரைப் பெரிய வாளியில் எடுத்து, ஒரு கைபிடி அக்டிவேற்றட் கார்பனைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, எயார் பம்ப் வைத்து இரண்டு நாள் ஓட்டிவிட்டு, கிணற்றுக்குத் தூரமாக வளவின் மூலையில் ஊற்றுவது. செம்பு போட்ட நீருக்குக் கார்பன் மட்டும் போதாது, ஆகவே என் சின்னத் தொட்டியில் செம்பு போடவேண்டி வந்தால் 40 லீற்றருக்கு மேல் நீர் வைக்கமாட்டேன், முடிந்ததும் அகலப் பேசின்களில் வெயிலில் வற்றவிட்டு, அடியில் மிஞ்சும் உப்பை வழித்துப் பொலித்தீனில் கட்டிக் குப்பைக்குப் போடுவேன்.

பிய்த்தெடுத்த பாசியையும் உயிரோடு வாவியிலோ கடலிலோ விடாதீர்கள், வெளியூர்க் கல்லோடு வந்த வகை அதில் இருக்கலாம். முற்றத்தில் சாக்கை விரித்து வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசித் தென்னையடியில் போடுங்கள். என் வளவுத் தென்னை அதை நன்றாகவே எடுத்துக்கொள்கிறது.